கொசுவலைப் பலகையும் ஓவிய வகுப்பும்

பார்வை இல்லாத ஒரு பெண் ஏழாம் வகுப்பில் ஓராண்டு என்னிடம் ஓவியம் படித்தாள். பிள்ளைகளுக்கு ஓவியத்தை எதற்காகச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பதில் எனக்கென்று ஒரு கருத்து உண்டென்றால், அது அந்த ஓராண்டிலும் அதையடுத்த சில மாதங்களிலும் உண்டானது. அதற்கு முன் என்னிடம் இருந்தது கல்லூரியிலிருந்து அப்படியே எடுத்துக்கொண்டு வந்தது.

நான் திருவனந்தபுரத்திலேயே பிறந்து வளர்ந்தவள். வீட்டில் நாகர்கோவில் பக்கத்துத் தமிழ், வாசலைத் தாண்டினால் மலையாளம். அப்பா கிழக்கேகோட்டையில் ஒரு துணிக்கடையில் கணக்கராக இருந்தார். நகரத்து நுண்கலைக் கல்லூரியில் ஓவியம் படித்தேன். படம் வரைந்து பிழைக்கும் துணிச்சல் வராததால், கழக்கூட்டம் போகிற வழியில் பைபாஸ் ஓரத்தில் இருந்த ஒரு தனியார் பள்ளியில் ஓவிய ஆசிரியையாகச் சேர்ந்தேன். பிள்ளைகளில் பாதிப் பேரின் பெற்றோர் ஐடி பார்க்கில் வேலை பார்த்தார்கள். ஒரு வகுப்புக்கு வாரத்தில் ஒரு பீரியட். பரீட்சை நெருங்கினால் அதையும் கணக்கு டீச்சர் கேட்டு வாங்கிக்கொள்வார்.

கல்லூரியில் எங்களுக்குச் சொல்லப்பட்டதெல்லாம் பார்ப்பதைப் பற்றித்தான். ஒரு செம்பை மேசையில் வைத்துவிட்டு, பென்சிலைத் தொடாமல் அதையே பார்த்துக்கொண்டிருக்கச் சொல்வார்கள். வரையத் தெரியாதவர் என்று யாரும் இல்லை, பார்க்கத் தெரியாதவர்தான் உண்டு என்பது அங்கே ஏறக்குறைய வேதவாக்கு. நானும் அதையே பள்ளிக்குக் கொண்டுவந்தேன். ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் ஒரு குரோட்டன் இலையைக் கொடுத்து, முதலில் பார், பிறகு வரை என்பேன். பிள்ளைகளும் ஓரளவு நன்றாகவே வரைந்தார்கள். அந்த முறையில் எனக்கு எந்தக் குறையும் தெரிந்ததில்லை.

ஒரு ஜூன் மாதம் பள்ளி திறந்தபோது பிரின்சிபால் என்னைக் கூப்பிட்டு, ஏழாம் வகுப்பில் புதிதாக ஒரு பெண் சேர்ந்திருப்பதாகச் சொன்னார். பிறவியிலேயே பார்வை கிடையாது, வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்பது மட்டும் தெரியும். ஓவிய பீரியடில் அவளை மியூசிக் ரூமுக்கு அனுப்பிவிட ஏற்பாடு செய்தாயிற்று, எனக்குச் சிரமம் இருக்காது என்றார். அதில் தவறாக எதுவும் எனக்கும் தோன்றவில்லை. சரி என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இரண்டாவது வாரம் வகுப்பு நடந்துகொண்டிருந்தபோது அவள் வாசலில் வந்து நின்றாள். கையில் வெள்ளைக் கோல். துணைக்கு யாரும் வரவில்லை. வழி தவறி வந்துவிட்டாள் என்று நினைத்து எழுந்து போய், மியூசிக் ரூம் மறுபக்கம் என்றேன். அவள் கிழக்கேகோட்டை அக்கிரகாரத்துப் பெண் என்பதும், நான் தமிழ் பேசுகிறவள் என்று அவளுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள் என்பதும் அவள் வாயைத் திறந்ததும் தெரிந்தது.

"தெரியும் டீச்சர். அங்கேருந்துதான் வரேன். எனக்கு சுருதியே சேராது. நான் அங்க இருந்தா பாடறவாளுக்கும் கஷ்டம், எனக்கும் கஷ்டம். இங்க இருந்துக்கறேனே."

"இங்க இருந்தா வரையணுமே மோளே."

"பின்னே? வரையற கிளாஸ்தானே இது."

அவளை முன்வரிசையில் உட்கார வைத்தேன். அன்றைக்கு அவள் வரைவதற்கு ஏற்றதாக என்னிடம் எதுவும் இல்லை. மற்றவர்கள் இலை வரைந்தார்கள். அவள் தனக்குக் கொடுத்த குரோட்டன் இலையை மணி அடிக்கும் வரை கையில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தாள்.

அந்த மாதக் கடைசியில் பெற்றோர் கூட்டத்துக்கு அவள் அம்மா வந்தார். கழக்கூட்டத்தில் ஒரு அலுவலகத்தில் வேலை. காலையில் மகளையும் கூட்டிக்கொண்டு கிழக்கேகோட்டையில் பஸ் ஏறி, வழியில் பள்ளியில் விட்டுவிட்டுப் போகிறவர். மகள் என்னைத் தொந்தரவு செய்கிறாளோ என்று கேட்டார். இல்லை என்றேன். பிறகு அவரே சொன்னார்.

"கண்ணு தெரியாத குழந்தைன்னா பாட்டு வரணும்னு எல்லாரும் தீர்மானம் பண்ணிடறா டீச்சர். நாங்களும் அதைத்தான் பண்ணினோம். ஆத்துக்கே வாத்தியார் வந்தார். கடைசியில அவரே வேண்டாம்னுட்டார்."

இதைச் சொல்லும்போது அவருக்குச் சிரிப்பும் வந்தது, வருத்தமும் வந்தது. வீட்டில் அவருடைய மாமியார் தரப்பில் எல்லோருக்கும் சங்கீதம் உண்டாம்.

முதலில் நான் களிமண் வாங்கி வந்தேன். பார்வையில்லாத பிள்ளைக்குக் களிமண் என்பது யாருக்கும் முதலில் தோன்றுவதுதான். அவள் ஒரு யானையும் ஒரு டம்ளரும் செய்தாள், இரண்டும் நன்றாகவே இருந்தன. மூன்றாவது முறை மண்ணை நகர்த்தி வைத்துவிட்டு, மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்று கேட்டாள். தாளில் வரைகிறார்கள் என்றேன். அப்படியென்றால் தனக்கும் தாள்தான் வேண்டும் என்றாள். தாளில் வரைந்தால் உனக்குத் தெரியாதே என்று சொல்ல வாய் வரை வந்தது. அதற்குள் பக்கத்தில் இருந்த பெண்ணிடம் ஒரு கிரேயான் வாங்கிக் கோடு போட்டு, அதை விரலால் தேடிக்கொண்டிருந்தாள். மெழுகு படிந்த இடம் கொஞ்சம் வழுக்கியது, அவ்வளவுதான். கோடு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது அவளுக்குப் பிடிபடவில்லை.

இந்த மாதிரிப் பிள்ளைகளுக்காக வாரம் ஒருநாள் எங்கள் பள்ளிக்கு ஒரு ரிசோர்ஸ் டீச்சர் வருவார். அவரிடம் கேட்டபோது, ஜன்னலுக்கு அடிக்கும் கொசுவலையை ஒரு பலகையில் இழுத்துக் கட்டி, அதன்மேல் தாளை வைத்துக் கிரேயானால் அழுத்தி வரைந்தால் கோடு சொரசொரப்பாக எழும்பும் என்றார். பெஞ்சுகளைப் பழுதுபார்க்க வந்திருந்த தச்சரிடம் சொல்லி, உடைந்த மேசைப் பலகை ஒன்றில் வலையை ஆணியடித்து வாங்கினேன். தாளை வைத்து நானே ஒரு வட்டம் போட்டுக் கண்ணை மூடித் தடவிப் பார்த்தேன். வட்டம் விரலுக்குத் தெரிந்தது.

அவள் முதல் நாள் முழுக்கக் கோடுகளாகவே போட்டாள். எதையும் வரையவில்லை. ஒரு கோடு போடுவாள், அதைத் தடவிக்கொண்டே போய் அதன் முடிவைக் கண்டுபிடிப்பாள், அங்கிருந்து இன்னொரு கோடு. தாளின் விளிம்பில் விரல் வந்து நிற்கும்போது ஒவ்வொரு முறையும் சின்னதாக ஒரு சத்தம் எழுப்பினாள். பக்கத்துப் பிள்ளைகள் தங்கள் படத்தை விட்டுவிட்டு அதை வேடிக்கை பார்த்தார்கள். பிறகு எல்லோரும் வலைப்பலகை கேட்டார்கள். பிரின்சிபால் எதற்கு என்று கேட்டுவிட்டு இன்னும் சில பலகைகள் செய்துகொள்ள அனுமதித்தார்.

ஓணம் விடுமுறை முடிந்து வந்தபின் ஒரு வகுப்பில், நீங்கள் பள்ளிக்கு வரும் பஸ்ஸை வரையுங்கள் என்றேன். எல்லோரும் வரைந்ததை நான் முன்கூட்டியே சொல்லியிருக்க முடியும்: நீளமாக ஒரு பெட்டி, கீழே சக்கரங்கள், வரிசையாக ஜன்னல்கள், ஜன்னலுக்கு ஒரு தலை. அவள் படத்தில் பெட்டி இல்லை, சக்கரமும் இல்லை. கீழே படிபோல மடிந்து மடிந்து ஏறும் ஒரு கோடு. அது முடிந்த இடத்தில் நெட்டுக்குத்தாக ஒரு கம்பி. மேலே தாளின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை இன்னொரு கம்பி, அதற்குக் கீழே தொய்ந்து நெளிந்து போகும் ஒரு கோடு. அது என்ன என்று கேட்டேன். கண்டக்டர் பெல் அடிக்கிற கயிறு என்றாள். வலது மூலை காலியாக இருந்தது.

"அது டிரைவர் இருக்கற இடம் டீச்சர். அங்கேருந்து சத்தம் மட்டும்தான் வரும். சத்தத்தை எப்படி வரையறதுன்னு தெரியலை."

பின்வரிசைப் பையன் ஒருவன் எட்டிப் பார்த்துவிட்டு, இது பஸ் இல்லை, ஏணி என்றான். அவன் கேலியாகச் சொல்லவில்லை, உண்மையிலேயே அவனுக்கு அப்படித்தான் தெரிந்திருக்கிறது. அவள் அவன் படத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டாள். அவன் சொன்னான். அப்படிப் பார்க்க நீ எங்கே நிற்க வேண்டும் என்று கேட்டாள். ரோட்டில் என்றான். "ரோட்டில் நிற்கிறாய் என்றால் பஸ்ஸை விட்டுவிட்டாய் என்று அர்த்தம்" என்று மலையாளத்தில் சொன்னாள். வகுப்பு முழுவதும் சிரித்தது. அவனும் சிரித்தான்.

அன்று மாலை வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் நான் கம்பியைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தேன். தினமும் ஏறி இறங்கும் பஸ்ஸை என்னை வரையச் சொல்லியிருந்தால் நானும் ரோட்டில் நின்றுதான் வரைந்திருப்பேன். அந்தப் பிள்ளைகள் யாரும் பஸ்ஸைப் பார்த்து வரையவில்லை. பஸ் என்றால் இப்படித்தான் வரைவது என்று எங்கோ படித்துக்கொண்டதை வரைந்தார்கள். அவள் ஒருத்திதான் தனக்குத் தெரிந்த பஸ்ஸை வரைந்தாள். பார்க்கக் கற்றுக்கொடுக்கிறேன் என்று நான் நினைத்துக்கொண்டிருந்ததில் கொஞ்சம் திருத்தம் வேண்டும் என்று பட்டது. ஒரு பொருளை நீ எந்த வழியாக அறிகிறாயோ அந்த வழியாக அதை வரை என்பதுதான் சரியாக இருக்கும். கண் அந்த வழிகளில் ஒன்று.

அடுத்த வாரங்களில் இதை மற்ற வகுப்புகளிலும் செய்து பார்த்தேன். மழையில் நனைந்துகொண்டு ஓடுவது, ஈரமான செருப்பு, பல் மருத்துவரின் நாற்காலி. சில பிள்ளைகளிடமிருந்து இதற்கு முன் வராத படங்கள் வந்தன. பலர் ஆர்வம் காட்டவில்லை. அவர்களுக்குப் பழையபடி மலையும் சூரியனுமே போதுமாக இருந்தது. இதைப் பெரிய மாற்றம் என்று சொல்வதற்கில்லை.

பிப்ரவரியில் ஆண்டு விழாவை ஒட்டி ஓவியக் கண்காட்சி நடக்கும். பிரின்சிபால் அவளுடைய படங்களை வாசலுக்கு நேரே தனியாக வைக்க விரும்பினார். கூடவே ஒரு பெரிய அட்டை, அதில் அவளுக்குப் பார்வை கிடையாது என்பதை எல்லோருக்கும் தெரியும்படி எழுத வேண்டும். வருகிறவர்களுக்கு அது ஊக்கமாக இருக்கும் என்றார். அவர் நல்ல மனசோடுதான் சொன்னார். இந்தப் பேச்சு எப்படியோ அவள் காதுக்குப் போய்விட்டது. அடுத்த வகுப்பில் பலகையை எடுத்து வைத்துக்கொண்டே, "பேரும் கிளாஸும் மட்டும் எழுதினா மதி டீச்சர்" என்றாள். மலையாளத்தில் மதி என்றால் போதும் என்று அர்த்தம்.

நான் பிரின்சிபாலிடம் போய், மற்ற பிள்ளைகளில் யாருக்குக் கண்ணாடி உண்டு, யாருக்கு ஆஸ்துமா உண்டு என்று நாம் அட்டையில் எழுதுவதில்லையே என்றேன். அட்டை இல்லாவிட்டால் அந்தப் படங்கள் என்னவென்று யாருக்கும் புரியாது என்றார். புரியாமல் போகலாம் என்று ஒப்புக்கொண்டேன். அரைமனதோடு சம்மதித்தார். படங்கள் ஏழாம் வகுப்பு வரிசையில் மற்றப் படங்களோடு போய்ச் சேர்ந்தன.

யாரும் அவற்றின் முன் நிற்கவில்லை. ஒரு அப்பா, நர்சரிப் பிள்ளைகளின் படங்களையும் இங்கேயே மாட்டியிருக்கிறார்கள் என்று மனைவியிடம் சொல்லிக்கொண்டு போனார். அவளுடைய அம்மா அவளைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு, ஒவ்வொரு படமாக நின்று அதில் என்ன இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே வந்தார். கடைசியில் அவள் என்னிடம் வந்து கேட்டது இதுதான்.

"எல்லாரும் சூரியன் அஸ்தமிக்கறதையே வரைஞ்சிருக்காளே டீச்சர். சங்குமுகம் பீச்சுல வேற ஒண்ணும் நடக்கறதில்லையா?"

மறுவாரம், தன் படங்களைப் பற்றி யார் என்ன சொன்னார்கள் என்று கேட்டாள். பெரும்பாலானவர்கள் பார்க்காமலே போய்விட்டார்கள் என்று உள்ளதைச் சொன்னேன். மற்றவர்களின் படங்களை எப்படிப் பார்த்தார்கள் என்று கேட்டாள். அவற்றையும் அப்படித்தான், தங்கள் பிள்ளையின் படத்தை மட்டும் போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள் என்றேன். அப்போ சரி என்றாள். அவள் குரலில் ஏமாற்றம் இல்லை. திருப்தி இருந்ததாகக்கூட எனக்குப் பட்டது.

எட்டாம் வகுப்பில் பிள்ளைகள் ஓவியம், பாட்டு, கம்ப்யூட்டர், செஸ் இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அவள் ஓவியத்துக்கு வருவாள் என்று நான் கொஞ்சமும் சந்தேகப்படவில்லை. கோடை விடுமுறையில் இன்னும் நுணுக்கமான வலை தேடிச் சாலைக் கடைத்தெருவில் அலைந்து வாங்கி வைத்திருந்தேன். பள்ளி திறந்தபோது அவள் செஸ்ஸில் சேர்ந்திருந்தாள். தடவிப் பார்த்து ஆடும் பலகை ஒன்றை மாமா யாரோ வாங்கிக் கொடுத்திருந்தார்.

வராந்தாவில் பார்த்தபோது கேட்டேன். பேச்சில் மனவருத்தம் தெரியக் கூடாது என்று கவனமாகத்தான் கேட்டேன்.

"எனக்கு வரையறது அவ்வளவு இஷ்டமில்லை டீச்சர்" என்றாள்.

"பின்ன போன வருஷம் அவ்வளவு பிடிவாதம் பிடிச்சியே?"

அவள் இந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை போலிருந்தது. கோலைத் தரையில் மெல்லத் தட்டிக்கொண்டு யோசித்தாள்.

"அப்போ எனக்கு இஷ்டமா இல்லையான்னே தெரியாதே. யாரும் பண்ணிப் பார்க்க விட்டதில்லையே. இப்போ தெரியும்."

சொல்லிவிட்டு, செஸ்ஸுக்கு நேரமாகிறது என்று போய்விட்டாள்.

எனக்கு அன்று முழுவதும் ஒரு இழப்பு போலவே இருந்தது. அவளை வைத்து நான் மனதில் என்னவெல்லாமோ கட்டி வைத்திருந்தேன் என்பது அப்போதுதான் தெரிந்தது. சில நாள் கழித்து அவள் அம்மாவும் வந்தார். அவள் வரைந்த பஸ் படத்துக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு ஹாலில் மாட்டியிருந்தாராம். கண்ணாடி போட்டால் நான் எப்படிப் பார்ப்பது என்று மகள் கேட்டிருக்கிறாள். உறவுக்காரர்கள் வந்தால் அதைக் காட்டுவதில் அம்மாவுக்கு ஒரு பெருமை. இப்போது விட்டுவிட்டாளே என்று வருந்தினார்.

"நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேப்பா டீச்சர்."

கேட்பாள் என்பது எனக்கும் தெரிந்தது. அதனாலேயே சொல்லப் போவதில்லை என்றேன். பாட்டிலும் இதே மாதிரி யாரோ சொல்லித்தானே அவள் அவ்வளவு காலம் உட்கார்ந்திருந்தாள் என்றேன். அவர், சாரமில்லை, அதாவது பரவாயில்லை, போகட்டும் என்று எழுந்தார். கோபமில்லாமல்தான் போனார்.

அந்த ஆண்டே பள்ளியை மதிப்பிட வெளியிலிருந்து ஒரு குழு வருவதாக இருந்தது. ஒவ்வொரு ஆசிரியரும் தன் கல்விக் கொள்கையை ஒரு பக்கத்தில் எழுதித் தர வேண்டும் என்றார்கள். பெரும்பாலோர் இணையத்திலிருந்து எடுத்து நாலு சொல்லை மாற்றிக் கொடுத்தார்கள். நானும் படைப்பாற்றலை வளர்ப்பது, அழகுணர்ச்சியை ஊட்டுவது என்று ஆரம்பித்தேன். எழுதியதைப் படித்துப் பார்த்தால் எந்தப் பள்ளியில் எந்த ஆசிரியையும் எழுதக்கூடியதாக இருந்தது. எழுதியதில் ஒரு வரியும் என் வகுப்பில் நடந்ததல்ல. அதைக் கிழித்துப் போட்டுவிட்டு, எனக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்தது என்ன என்று யோசித்தேன். அது மிகக் குறைவாகவே இருந்தது.

ஒரு பிள்ளை ஓவியம் வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ முடிவு செய்வதற்கு முன்னால் அதை உண்மையாகச் செய்து பார்த்திருக்க வேண்டும் என்று எழுதினேன். செய்து பார்ப்பதற்கு எது தடையாக இருக்கிறதோ, அது கண்ணாக இருந்தாலும் வீட்டார் ஆசையாக இருந்தாலும் என்னுடைய பழைய முறையாகவே இருந்தாலும், அதை நகர்த்தி வைப்பதுதான் என் வேலை. அதன்பின் பிள்ளை பிடிக்கவில்லை என்று சொன்னால் நான் தோற்றுவிட்டதாக ஆகாது. தெரிந்து சொல்லும் மறுப்பும் கல்விதான். இவ்வளவுதான் எழுதினேன். ஒரு பக்கம்கூட வரவில்லை.

பிரின்சிபால் அதைப் படித்துவிட்டு, கடைசி வரியை மாத்திரம் எடுத்துவிடலாமா என்று கேட்டார். ஓவிய டீச்சரே பிள்ளைகள் ஓவியத்தை விட்டுப் போனாலும் பரவாயில்லை என்று எழுதினால் குழுவினர் என்ன நினைப்பார்கள் என்பது அவர் கவலை. இருக்கட்டும் என்றேன். குழுவில் வந்த ஒரு பெண்மணி அந்த வரியைத்தான் கேட்டார். பிள்ளைகள் விட்டுப் போனால் உங்களுக்குச் சந்தோஷமா என்றார். சந்தோஷமில்லை, ஆனால் அதைத் தடுப்பது என் வேலையில் சேராது என்றேன். குறித்துக்கொண்டார். அதனால் பள்ளிக்கு நன்மை வந்ததா கெடுதல் வந்ததா என்று எனக்குத் தெரியாது.

அவள் பள்ளிப் படிப்பை முடித்து இப்போது நகரத்திலேயே ஒரு கல்லூரியில் பொருளாதாரம் படிக்கிறாள். கிழக்கேகோட்டையில் எப்போதாவது அவள் அம்மாவைப் பார்ப்பேன். மகள் கல்லூரி யூனியன் தேர்தலில் நின்றதையும், தோற்றதையும், மறுபடி நிற்கப் போவதையும் சொல்வார். வரைவதைப் பற்றி அவரும் பேச்செடுப்பதில்லை, நானும் கேட்பதில்லை.

நான் எழுதிக் கொடுத்த அந்தக் கொள்கையில் ஒரு பெரிய ஓட்டை இருப்பது பிறகுதான் எனக்குப் புலப்பட்டது. வேண்டாம் என்று சொல்லும் பிள்ளையைப் பற்றித்தான் அதில் இருக்கிறது. வேண்டும் என்று சொல்லும் பிள்ளைக்கு அடுத்து என்ன கொடுப்பது என்பதைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. அதற்கு இன்றைக்கும் என்னிடம் தெளிவான பதில் கிடையாது. கல்லூரியில் படித்த முறையைத்தான் தேவைப்படும்போது எடுத்துக் கொடுக்கிறேன். அது பலருக்கு உதவுகிறது, எல்லோருக்கும் அல்ல.

இந்த ஆண்டு ஆறாம் வகுப்பில் ஒரு பெண் இருக்கிறாள். அவள் அப்பாவுக்கு விழிஞ்ஞம் துறைமுகத்தில் வேலை. எந்தத் தலைப்பைக் கொடுத்தாலும் கிரேன்களைத்தான் வரைகிறாள், அதுவும் கீழே நின்று அண்ணாந்து பார்க்கிற கோணத்தில் மட்டும். அந்த வயதில் என்னால் அப்படி வரைந்திருக்க முடியாது. அவள் என்னிடம் எதுவும் கேட்பதில்லை. தாள் தீர்ந்துபோனால் எழுந்து வந்து மேசைப் பக்கத்தில் நிற்பாள். எடுத்துக் கொடுப்பேன். வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்துவிடுவாள்.